பழைய மடிக்கணினியும் புதிய இயங்குதளமும்

கையிலுள்ள பொருளின் அருமையை உடையவரே அறியாதிருத்தல் உலகியல்பு. புதியதொன்று கடைவீதியில் தோன்றிய மாத்திரத்தே பழையதைப் பயனற்றதென ஒதுக்கிவிடுகின்றோம். அஃது உண்மையிலேயே பயனற்றதோ, அன்றி நாம் அதன்மேல் ஏற்றிய சுமைதான் மிகுதியோ என ஆராய்வார் சிலரே. மடிக்கணினி விஷயத்தில் அவ்வாராய்ச்சியைச் செய்து பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சிதம்பரத்திலிருந்து நாடோறும் ரெயிலேறிக் கடலூருக்கு வந்து பயிலும் இறுதியாண்டு மாணாக்கர் ஒருவர், ஒருநாள் மாலை ஒரு மடிக்கணினியை ஏந்தி வந்து, "ஐயா, இதனைத் திறந்தால் எழுதுதற்குப் பத்து நிமிஷம் காத்திருக்க வேண்டியிருக்கிறது. பழைய சாமான் கடைக்குப் போடச் சொல்கிறார்கள், ஆய்வுக் கட்டுரை கொடுக்க இன்னும் ஒரு மாதமே உள்ளது" என்றார். அது அவர் தமக்கையார் பள்ளியிற் பயின்ற காலத்து அரசினரிடம் பெற்றது. தந்தையார் கூலிவேலை செய்பவர். புதிது வாங்குதற்குரிய பொருள் வீட்டில் இல்லை. ஆகவே இஃது அவருக்குப் பட்டம் பெறுவதா, பின்தங்குவதா என்னும் வினாவாயிற்று.

இத்தகைய மடிக்கணினிகள் நம் மாவட்டத்துப் பல இல்லங்களில் பரண்மேற் கிடக்கின்றன. 2011-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் தமிழ்நாட்டு அரசினர், அரசு பள்ளி கல்லூரிகளிலும் அரசுதவி பெறும் பள்ளி கல்லூரிகளிலும் பயிலும் மாணவர்க்கு விலையின்றி மடிக்கணினி வழங்கும் திட்டத்தைத் தொடங்கினர். முதலாண்டுகளில் வந்தவற்றுட் பலவற்றின் நினைவகம் 2 ஜிகாபைட் அளவினது. அக்காலத்து விண்டோஸ் 7 அதற்குள் ஒருவாறு அடங்கி நடந்தது. அதற்குரிய ஆதரவு 2020 ஜனவரி 14-ஆம் நாள் நின்றது. பலர் விண்டோஸ் 10-ஐ ஏற்றினர். 64 பிட்டு முறையில் அது வேண்டும் குறைந்த நினைவகமே 2 ஜிகாபைட். அதன் வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-ஆம் நாள் முடிவுற்றது. விண்டோஸ் 11-ஓ 4 ஜிகாபைட் நினைவகமும், பழைய கணினிகளில் இல்லாத புதுவகைப் பாதுகாப்புச் சில்லும் வேண்டுமென்கிறது.

நிற்க, வேகம் குறைவதன் காரணத்தைச் சிறிது காண்போம். கணினியின் நினைவகத்தை ஒருவன் எழுதும் மேசைக்கும், வன்தட்டை அடுத்த அறையிலுள்ள அலமாரிக்கும் ஒப்பிடலாம். மேசைமேல் உள்ள ஏட்டை உடனே எடுக்கலாம். மேசை நிறைந்துவிடின், ஓர் ஏட்டை அலமாரியில் வைத்துவிட்டே மற்றொன்றைக் கொணர வேண்டும். சுழலும் வன்தட்டில் ஓரிடத்தைத் தேடியடைய ஏறத்தாழ ஒரு விநாடியின் நூற்றிலொரு பங்கு செல்லும். நினைவகத்திலோ அதனினும் லட்சம் மடங்கு விரைவில் முடியும். எனவே, இயங்குதளம் ஒன்றே மேசை முழுவதையும் அடைத்துக்கொண்டால், நாம் ஒரு கடிதம் எழுதப் புகுந்தவுடனே கணினி தன் காலத்தையெல்லாம் அறைக்கும் அலமாரிக்கும் நடப்பதிலேயே கழிக்கின்றது. கணக்கிடும் உறுப்பில் குறையொன்றுமில்லை. அது வேலையின்றிக் காத்திருக்கின்றது.

கடலூர் பழந்துறைமுகத்தை அறிந்தவர்க்கு இஃது எளிதில் விளங்கும். பெருங்கப்பல் கரையையடைதற்கு வேண்டிய ஆழம் அங்கில்லை. ஆதலின் அது கடலிலேயே நங்கூரமிட, சரக்கைப் படகுகள் கரை சேர்த்தன. உப்பனாற்றின் ஆழத்திற்கேற்ற கலமே உப்பனாற்றில் செல்லும். அதுபோலவே சிறிய கணினிக்குச் சிறிய இயங்குதளமே பொருந்தும்.

அத்தகைய இயங்குதளங்கள் லினக்ஸ் குடும்பத்தில் உள்ளன. 1991-ஆம் ஆண்டு பின்லாந்து தேசத்து ஹெல்சிங்கியில் மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்பார் தொடங்கிய கருவே லினக்ஸ். 1983-இல் ரிச்சர்டு ஸ்டால்மன் அறிவித்த குனு திட்டத்தின் கருவிகளோடு அது சேர்ந்து, எவரும் விலையின்றிப் பெறவும் திருத்தவும் பகிரவும் உரிய தளமாயிற்று. இது நமக்குப் புதிதுமன்று. சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனத்தார் உருவாக்கிய 'பாஸ்' என்னும் லினக்ஸ், அரசினர் வழங்கிய மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸுடன் கூடவே வந்தது. அதனை ஒருமுறையேனும் திறந்து பார்த்தவர் மிகச் சிலர். கேரளத்துப் பள்ளிகளிலோ பல்லாண்டுகளாகச் சிறுவர் லினக்ஸிலேயே பயின்று வருகின்றனர்.

லினக்ஸில் வகைகள் பலவாதலின் எதனைத் தெரிவது என்னும் மயக்கம் எழும். 4 ஜிகாபைட் நினைவகமுடையோர் லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எப்சிஈ பதிப்பைக் கொள்ளலாம். 2 ஜிகாபைட் உடையோர்க்கு லுபுண்டு ஏற்றது. அதனினும் குறைந்ததாயின் ஆன்டிஎக்ஸ், பப்பி என்பன உதவும். கணினி 64 பிட்டு வகையா, 32 பிட்டு வகையா என்பதை முன்னரே அறிதல் வேண்டும். 32 பிட்டுக்குரிய பதிப்பை இன்னும் வெளியிடுவன சிலவே.

இனிச் செய்முறையைக் கூறுவாம். முதலாவது, கணினியிலுள்ள கட்டுரைகள், படங்கள், சான்றிதழ் நகல்கள் அனைத்தையும் வேறொரு வட்டில் படியெடுத்து வைத்து, அப்படி திறக்கின்றதா என்றும் பார்த்தல் வேண்டும். இதனை அசட்டை செய்த மாணாக்கர் ஒருவர், "வட்டு முழுவதையும் அழித்து நிறுவுக" என்னும் கட்டளையை அழுத்தி, ஈராண்டுக் குறிப்புகளை ஒரு நொடியில் இழந்ததை யாம் நேரிற் கண்டோம். இயங்குதளத்தை மீண்டும் பெறலாம். எழுதிய கட்டுரையை எங்கே பெறுவது?

இரண்டாவது, தெரிந்த லினக்ஸை அதற்குரிய தளத்திலிருந்தே இறக்கி, அங்குக் கொடுத்துள்ள சரிபார்ப்பெண்ணோடு ஒத்திட்டு, 8 ஜிகாபைட் பென் டிரைவில் ரூபஸ் முதலிய கருவியால் எழுதுக. அதிலுள்ளவை அழிந்துவிடுமாதலின் வெற்று டிரைவே நன்று. மூன்றாவது, கணினியைத் தொடங்குகையில் எஃப் 12 முதலிய விசையை அழுத்திப் பென் டிரைவிலிருந்து தொடங்கச் செய்க. இப்பொழுது நிறுவாமலே அதனை இயக்கிப் பார்க்கலாம். வைஃபை இணைகின்றதா, ஒலி கேட்கின்றதா, அச்சுப்பொறி இயங்குகின்றதா என்று சோதித்த பின்னரே நிறுவுக. நான்காவது, நிறுவும்போது மின்னிணைப்பிலேயே வைத்திருத்தல் வேண்டும். பழைய பாட்டரியை நம்பியிருத்தல் கூடாது. வட்டில் இடமிருப்பின் விண்டோஸை அழியாது, இரண்டையும் அருகருகே வைத்துக்கொள்ளவும் வழியுண்டு.

இதன் எல்லையையும் மறைத்தல் முறையன்று. மைக்ரோசாஃப்ட் ஆபீஸ், டாலி, ஃபோட்டோஷாப் முதலியன லினக்ஸில் நேரே இயங்கா. லிபர் ஆபீஸ் பெரும்பாலான எழுத்து வேலைக்குப் போதுமாயினும், வேர்டில் அமைத்த பக்கம் சிற்சில இடங்களில் கலைந்து தோன்றும். ஆதலின் கட்டுரையைப் பிடிஎஃப் ஆக்கிக் கொடுத்தல் நலம். யூனிகோடு தமிழுக்கும் தமிழ் 99 விசைப்பலகைக்கும் தடையில்லை. ஆனால் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்தவற்றை யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளல் வேண்டும். இணைய உலாவியின் பசியை எந்த இயங்குதளமும் தணிக்காது. இருபது பக்கங்களை ஒருங்கே திறப்போர்க்கு 2 ஜிகாபைட் எதிலும் போதாது. சிறிது பொருள் செலவிடக்கூடியவர், சுழலும் வட்டை நீக்கி எஸ்எஸ்டி பொருத்தி, நினைவகத்தையும் கூட்டுவாராயின், பயன் இன்னும் மிகும்.

அம்மாணாக்கரின் கணினியில் லுபுண்டு நிறுவினோம். ஒன்றரை நிமிஷத்திற்குள் அது எழுதுதற்கு ஆயத்தமாயிற்று. தொடங்கி நின்றபோது முக்கால் ஜிகாபைட்டிற்குக் குறைந்த நினைவகமே அதற்குத் தேவைப்பட்டது. முதல் வாரத்தில் கோப்புகள் இருக்குமிடம் தெரியாது அவர் இருமுறை எம்மிடம் ஓடி வந்ததும் உண்டு. எனினும் குறித்த நாளுக்கு முதல்நாளே கட்டுரையை ஒப்புவித்தார். இப்பொழுது அக்கணினியில் அவர் தங்கை பாடம் எழுதுகின்றாள்.

புதிய திராட்சரசத்தைப் பழைய துருத்தியில் வார்த்தல் தகாதென்னும் திருவுவமையை நம் கல்லூரியில் அறியாதார் இலர். துருத்திக்கு ஏற்றதை வார்த்தால் துருத்தியும் நிலைக்கும், ரசமும் நிலைக்கும். ஆதலின் அன்பர்காள், வரும் விடுமுறையில் உங்கள் வீட்டுப் பரணை ஒருமுறை ஏறிப் பாருங்கள். அங்குத் தூசி படிந்து கிடக்கும் கணினியால், கற்க விரும்பியும் கருவியின்றி நிற்கும் ஒருவருக்கு வழி திறத்தல் கூடும். அதற்கு வேண்டிய பொருட்செலவு ஒரு பென் டிரைவ். வேண்டிய காலம் ஒரு பிற்பகல். வேண்டிய முன்னெச்சரிக்கை, முதலில் படியெடுத்தல்.