இமைக்கட்டியை அலட்சியம் செய்யாதீர்!



கண்ணிமையில் ஒரு கட்டி எழும்பினால், "உடல் சூடு" என்று கூறி நாமக்கட்டியை இழைத்துப் பூசுவது நம்மிடையே உள்ள பழக்கம். இமைக்கட்டிக்குக் காரணம் சூடு அன்று. நம் மேலிமையில் 25 முதல் 40 வரையிலும், கீழிமையில் 20 முதல் 30 வரையிலும் நுண்ணிய எண்ணெய்ச் சுரப்பிகள் உள்ளன. 1666இல் இவற்றை விரிவாக விளக்கிய ஜெர்மானிய மருத்துவர் மெய்போமின் பெயராலேயே இவை வழங்கப்படுகின்றன. இவற்றின் வாய் அடைபட்டு, எண்ணெய் உள்ளே தேங்கினால் வலியற்ற கொழுப்புக் கட்டி உருவாகும். இமை விளிம்பில் கிருமி தொற்றினால் சிவந்து வலிக்கும் கட்டி தோன்றும்.

இரண்டுக்கும் வீட்டு மருத்துவம் ஒன்றே. கைகளைச் சோப்பிட்டுக் கழுவுங்கள். தூய துணியை வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்து, மூடிய இமைமீது பத்து நிமிடம் வையுங்கள். துணி ஆறியதும் மீண்டும் நனையுங்கள். நாள்தோறும் மூன்று நான்கு முறை இவ்வாறு செய்தால், பெரும்பாலான கட்டிகள் சில வாரங்களில் கரைந்துவிடும்.

கட்டியைப் பிதுக்காதீர், ஊசியால் குத்தாதீர். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பார்வையே பறிபோகக்கூடும். கட்டி ஆறும்வரை சுருமாவைத் தவிர்த்து விடுங்கள். ஒருவர் இட்ட சுருமாக் குச்சியை மற்றவர் தொடவேண்டாம். மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்தில் ஸ்டீராய்டு இருப்பின், அது கண் அழுத்தத்தை உயர்த்திப் பார்வையைக் கெடுக்கலாம்.

இமை முழுவதும் வீங்குதல், காய்ச்சல், பார்வை மங்கல், விழியை அசைத்தால் வலி ஆகியவை தோன்றினால் அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள். ஒரு மாதம் கடந்தும் கரையாத கட்டியையும் காட்டுங்கள். இமையை மரத்துப்போகச் செய்து, உட்புறமாகக் கீறி, சில நிமிடங்களில் அதனை அகற்றிவிடுவார்கள். வெளியே தழும்பு தெரியாது. அடிக்கடி கட்டி வருவோர் சர்க்கரை அளவையும் பரிசோதிப்பது நன்று.

முதியவர்களுக்கு ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் கட்டி வந்தாலோ, அங்கு இமைமயிர் உதிர்ந்தாலோ தாமதம் கூடவே கூடாது. எண்ணெய்ச் சுரப்பியில் தோன்றும் புற்றுநோயும் தொடக்கத்தில் சாதாரணக் கட்டி போலவே காட்சியளிக்கும்.

லெப்பைக்குடிக்காடு போன்ற ஊர்களில் ஆண்கள் பலர் அரபு நாடுகளில் உழைக்கின்றனர். "அவர் வரட்டும், பார்க்கலாம்" என்று காத்திருக்காதீர்கள், சகோதரிகளே! பெரம்பலூரில் அரசு தலைமை மருத்துவமனையும், அரியலூரில் 2022இல் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையும் உள்ளன. திருச்சியில் 1934 முதல் ஜோசப் கண் மருத்துவமனை இயங்கி வருகிறது. ஒரு நாள் பயணத்தைத் தள்ளிப்போட்டு, வாழ்நாள் பார்வையை இழக்கலாமா?