கைபேசித் திரை, விசை அமைப்பும் நிகழ்பட ஆட்டங்களும்

கைபேசித் திரை, விசை அமைப்பு என்பது கையடக்கக் கருவியொன்றில் ஆட்டக்காரர் காணும் பரப்பும் அவரது விரல் அழுத்தும் இடங்களும் அமைந்துள்ள முறையைக் குறிக்கும். ஒரு கருவியில் எத்தகைய நிகழ்பட ஆட்டம் இயலும், எது இயலாது என்பதை நிரலாளரின் கற்பனைக்கு முன்பாகவே இவ்விரண்டும் பெருமளவு முடிவு செய்துவிடுகின்றன. திரையின் அளவு, படப்புள்ளிகளின் எண்ணிக்கை, ஒளிர்வு, விசைகளின் இடைவெளி, ஒரே நேரத்தில் உணரப்படும் அழுத்தங்களின் எண்ணிக்கை ஆகியன இதில் முதன்மையானவை.

கருவியைப் பயன்படுத்தும் இடமும் இவற்றைப் போலவே முக்கியமானது. ஆய்வுக்கூட விளக்கொளியில் சிறப்பாகத் தோன்றும் திரை, நண்பகல் வெயிலில் வெறும் கண்ணாடியாகிவிடக்கூடும். விழுப்புரம் மாவட்டத்தின் மரக்காணம் உப்பளக் கடற்கரை இதற்குப் பொருத்தமான எடுத்துக்காட்டு ஆகும். வெண்ணிற உப்பு, கடும் ஒளி, ஈரக்காற்று, உவர்நீர் பட்ட கைகள் ஆகிய நான்கும் அங்கு ஒன்றாக அமைகின்றன.

விசைக் கைபேசிகளின் காலம்

கைபேசி ஆட்டங்களில் உலகெங்கும் பரவிய முதல் ஆட்டம் பாம்பு ஆட்டம் எனலாம். பின்லாந்தின் நோக்கியா நிறுவனப் பொறியாளர் தனேலி அர்மன்டோ உருவாக்கிய இவ்வாட்டம் 1997ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்ட நோக்கியா 6110 கைபேசியில் இடம்பெற்றது. அத்திரையில் அகலவாட்டில் 84, உயரவாட்டில் 48 என மொத்தம் 4,032 படப்புள்ளிகளே இருந்தன. இன்று பரவலாக உள்ள 1080 × 2400 அளவுத் திரையில் 25 இலட்சத்திற்கும் மேற்பட்ட புள்ளிகள் உள்ளன.

இவ்வாட்டத்தின் வெற்றிக்கு அதன் எளிமையை மட்டும் காரணமாகக் கூறுவது போதாது. எண் விசைப்பலகைக்கு அது மிகவும் பொருந்தியிருந்தது. 2, 4, 6, 8 ஆகிய விசைகள் 5 என்ற விசையின் நான்கு பக்கங்களிலும் அமைந்துள்ளன. 5ஆம் விசையின் மேல் சிறு புடைப்பு ஒன்று இருப்பது வழக்கம். பெருவிரல் அப்புடைப்பைத் தடவி நடுவிடத்தை அறிந்துகொள்ளும். கண் திரையை விட்டு அகல வேண்டியதில்லை. மேலும், பாம்பு தானாகவே ஊர்வதால் திரும்பும்போது மட்டும் ஒரு விசையை அழுத்தினால் போதும். ஒரே நேரத்தில் இரு விசைகளை அழுத்தும் தேவை எழுவதே இல்லை.

இந்தக் கடைசிப் பண்பு முக்கியமானது. கைபேசி விசைப்பலகைகள் வரிசைகளும் நிரல்களும் குறுக்கிடும் மின்கம்பி வலையாக அமைக்கப்பட்டன. 12 விசைகளுக்குத் தனித்தனியே 12 கம்பிகள் இடுவதற்குப் பதிலாக, நான்கு வரிசையும் மூன்று நிரலுமாக ஏழு கம்பிகள் போதுமானவை. செலவு குறைந்தது; ஆயினும் பல விசைகள் ஒன்றாக அழுத்தப்படும்போது அவற்றைப் பிரித்தறிவது கடினமாயிற்று. ஓடிக்கொண்டே தாவுதல், நகர்ந்துகொண்டே சுடுதல் போன்ற செயல்களைக் கொண்ட ஆட்டங்கள் இக்கருவிகளில் தடுமாறியதற்கு இது ஒரு காரணம். கைபேசி என்பது எண் சுழற்றுவதற்காக அமைந்த கருவி. ஆட்டம் அதில் விருந்தாளியாகவே நுழைந்தது.

2000ஆம் ஆண்டுகளில் ஜாவா மொழியில் எழுதப்பட்ட ஆட்டங்கள் பெருகின. 128 × 128, 128 × 160, 176 × 208, 240 × 320 எனத் திரையளவுகள் கருவிக்குக் கருவி வேறுபட்டன. எனவே ஒரே ஆட்டத்தைப் பல பதிப்புகளாகத் திருத்தி வெளியிட வேண்டியிருந்தது.

என்-கேஜ்

ஆட்டத்திற்கென்றே ஒரு கைபேசியை உருவாக்கும் முயற்சியாக நோக்கியா 2003 அக்டோபரில் என்-கேஜ் கருவியை வெளியிட்டது. இதன் திரை 176 புள்ளி அகலமும் 208 புள்ளி உயரமும் கொண்டது. அதாவது நின்ற நிலைத் திரை. பந்தய ஆட்டங்களும் பக்கவாட்டில் நகரும் ஆட்டங்களும் அகலத்தை வேண்டுவன. அதனால் எதிரே வருவதை ஆட்டக்காரர் தாமதமாகவே கண்டார். ஆட்ட அட்டையை மாற்றுவதற்கு மின்கலத்தைக் கழற்ற வேண்டியிருந்தது. பேசும்போது கருவியின் விளிம்பைக் காதில் வைக்க வேண்டியிருந்தது பெரும் கேலிக்குள்ளானது. 2004இல் வந்த என்-கேஜ் கியூடி இவ்விரு குறைகளையும் நீக்கியபோதும் திரையின் நிலை மாறவில்லை.

நோக்கியா 1100

அதே 2003ஆம் ஆண்டு வெளியான நோக்கியா 1100 ஆட்டத்தை முதன்மை நோக்கமாகக் கொண்டதன்று. இந்தியா போன்ற வளரும் நாடுகளின் பயனரை எண்ணி உருவாக்கப்பட்ட இக்கைபேசி உலகெங்கும் 25 கோடிக்கு மேல் விற்பனையானது. தூசி புகாதவாறு ஒரே தகடாக வார்க்கப்பட்ட விசைப்பரப்பு, வியர்த்த கையிலிருந்து வழுக்காத பக்கங்கள், கைவிளக்கு ஆகியன இதன் சிறப்புக் கூறுகள். 96 × 65 புள்ளிகள் கொண்ட ஒருநிறத் திரை இதில் இருந்தது. பாம்பு ஆட்டத்தின் இரண்டாம் பதிப்பு இதனுடன் வந்தது.

ஆட்டத்திற்கெனத் திட்டமிடப்பட்ட என்-கேஜைக் காட்டிலும், திட்டமிடப்படாத இந்த மலிவுக் கருவியே எண்ணற்றோருக்கு முதல் நிகழ்பட ஆட்டத்தை அறிமுகப்படுத்தியது எனக் கருதலாம்.

நோக்கியாவின் இந்தியத் தொழிற்சாலை 2006இல் காஞ்சிபுரம் மாவட்டம் திருப்பெரும்புதூரில் உற்பத்தியைத் தொடங்கி, 2014 நவம்பர் 1 அன்று மூடப்பட்டது. ஆண்டுக்கணக்கில் விசைக் கைபேசிகளை ஏற்றுமதி செய்த அப்பகுதியில் பின்னர் வேறு நிறுவனங்கள் ஐபோன் போன்ற தொடுதிரைக் கைபேசிகளைத் தொகுக்கத் தொடங்கின.

தொடுதிரையின் வருகை

தொடக்கக்காலத் தொடுதிரைகளில் பல மின்தடை வகையைச் சேர்ந்தவை. 2008இல் வெளியான நோக்கியா 5800 இதற்கு எடுத்துக்காட்டு. மேல் படலம் அழுந்திக் கீழ்ப் படலத்தைத் தொடுவதால், நகத்தாலோ குச்சியாலோ ஈரக்கையாலோ கூட இதனை இயக்க முடிந்தது. 2007ஆம் ஆண்டின் ஐபோன் மின்தேக்கத் தொடுதிரையைப் பரவலாக்கியது. விரல் நெருங்கும்போது ஏற்படும் மின்தேக்க மாற்றத்தை இது உணர்கிறது. அழுத்தம் தேவையில்லை, பல விரல்களை ஒரே நேரத்தில் பிரித்தறியவும் முடியும். விசைப்பலகையின் பழைய குறை இதனால் நீங்கியது.

ஆனால் புதிய குறைகள் இரண்டு தோன்றின. தட்டையான கண்ணாடியில் தடவியறியப் புடைப்பு ஏதுமில்லை. விரல் சற்று விலகினால் அதனை உணர்த்த ஒன்றுமில்லை. மேலும், விரல் தான் தொடும் படத்தையே மறைக்கிறது. சுமார் ஒரு சென்டிமீட்டர் அகலமுள்ள பெருவிரல்கள் இரண்டு, சிறிய திரையொன்றின் கணிசமான பகுதியை மூடிவிடும்.

பழைய விசைகளைத் திரையில் வரைந்துகாட்டிய ஆட்டங்கள் பெரும்பாலும் இடர்ப்பட்டன. கண்ணாடியின் இயல்பை ஏற்ற ஆட்டங்கள் வென்றன. 2009இல் வெளியான ஆங்ரி பேர்ட்சு ஆட்டத்தில் விரல் கவண் பக்கம் இழுத்து விடுகிறது. விளைவு திரையின் மறுபக்கத்தில் நிகழ்வதால் விரல் எதனையும் மறைப்பதில்லை. 2011ஆம் ஆண்டின் டெம்பிள் ரன், குறிப்பிட்ட இடத்தைத் தொடுவதற்குப் பதிலாக எங்கேனும் வழித்தால் போதும் என்றது. வியட்நாமிய நிரலாளர் ஒருவர் 2013இல் வெளியிட்ட பிளாப்பி பேர்டு திரை முழுவதையும் ஒரே விசையாக்கிவிட்டது. ஒருவகையில் இது பாம்பு ஆட்டத்தின் சிக்கனத்திற்கே திரும்பியதாகும்.

உப்பளக் கடற்கரையில் திரை

மரக்காணம் சென்னைக்கும் புதுச்சேரிக்கும் இடையே கிழக்குக் கடற்கரைச் சாலையில், கழுவெளி ஏரியை ஒட்டி அமைந்துள்ளது. தமிழ்நாட்டின் உப்பு விளையும் பகுதிகளுள் இதுவும் ஒன்று. ஆண்டின் தொடக்கத்திலிருந்து வடகிழக்குப் பருவமழை வரும் வரை உப்பு எடுக்கப்படுகிறது. ஆகவே வெயில் மிகுந்த மாதங்களே அங்கு வேலை மிகுந்த மாதங்களும் ஆகும். வெப்பத்திற்கு அஞ்சி உப்பள வேலையை அதிகாலையிலேயே தொடங்குவது வழக்கம். முற்பகல் ஓய்வின்போது கைபேசியை எடுப்பவர் கடும் ஒளிக்கு நடுவில் இருப்பார்.

அவ்வொளியின் அளவை எளிய கணக்கால் அறியலாம். நண்பகல் வெயிலின் ஒளியூட்டம் ஏறத்தாழ 1,00,000 லக்சு. அதில் பாதியை உப்பு எல்லாத் திசைகளிலும் சிதறடிப்பதாகக் கொண்டால், உப்புப் பரப்பின் ஒளிர்வு சதுர மீட்டருக்குச் சுமார் 16,000 கேண்டெலா ஆகும். கைபேசியின் மேற்கண்ணாடி தன்மேல் விழும் ஒளியில் சுமார் 4 விழுக்காட்டைத் திருப்பி அனுப்புகிறது. எனவே ஆட்டக்காரருக்குப் பின்னால் உள்ள உப்புக் குவியல் திரையில் பிரதிபலிக்கும் கோணத்தில், அப்பிம்பத்தின் ஒளிர்வு மட்டும் சுமார் 640 கேண்டெலா. கைபேசி தானே வெளியிடும் வெள்ளையின் ஒளிர்வு 500 கேண்டெலா எனில், திரையின் கருமைப் பகுதி 640 ஆகவும் வெண்மைப் பகுதி 1,140 ஆகவும் தோன்றும். இரண்டிற்கும் உள்ள வேறுபாடு இருமடங்குகூட இல்லை. அறைக்குள் இதே வேறுபாடு நூறு மடங்குகளைத் தாண்டும்.

இருண்ட குகை, நள்ளிரவுத் தெரு போன்ற காட்சிகளைக் கொண்ட ஆட்டங்கள் இந்நிலையில் முற்றிலும் மறைந்துபோகும். குடையோ ஓலைப் பந்தலோ மேலிருந்து வரும் ஒளியைத் தடுத்தாலும், தரையிலிருந்தும் குவியல்களிலிருந்தும் எழும் ஒளியைத் தடுப்பதில்லை. ஒளிர்வை முழுவதும் கூட்டினால் கருவி சூடேறும். சூடேறிய கைபேசிகள் பல தம்மைக் காத்துக்கொள்ள ஒளிர்வைத் தாமே குறைத்துக்கொள்கின்றன. நோக்கியா 1100 போன்றவற்றின் ஒருநிறத் திரையோ வெளியொளியையே எதிரொளித்துப் பயன்படுத்தியது. வெயில் ஏற ஏற அதன் எழுத்தும் பாம்பும் தெளிவாயின. இந்த ஒரு கூறில் பழைய திரை இன்றைய திரையை விஞ்சியது என்பதில் ஐயமில்லை.

அடுத்தது ஈரம். மின்தேக்கத் திரைக்கு விரலும் நீர்த்துளியும் ஓரளவு ஒன்றுபோலவே தோன்றும். உப்புநீரும் வியர்வையும் நன்னீரைவிட மின்சாரத்தை நன்கு கடத்துவதால் தொடாத இடத்தில் தொட்டதாகப் பதிவாவதும், தொட்ட இடம் நழுவுவதும் நேர்கின்றன. மாறாக, உலர்ந்து தடித்துக் காய்ப்பேறிய விரல்நுனியைச் சில திரைகள் சரிவர உணர்வதில்லை. உப்பு வாரும் கைகளுக்கு இவ்விரு நிலைகளும் இயல்பானவை. திரையில் படிந்து காய்ந்த உப்பும் தீங்கற்றதன்று. காற்றின் ஒப்பு ஈரப்பதம் சுமார் 75 விழுக்காட்டைக் கடக்கும்போது சோடியம் குளோரைடு ஈரத்தை ஈர்த்துக் கரைகிறது. கடற்கரை இரவுகளில் இவ்வளவு ஈரப்பதம் அரிதன்று. பகலில் காய்ந்த தூள் இரவில் உவர்நீர்ப் படலமாகிறது. விசைக் கைபேசிகளில் இதே ஈரம் விசைகளின் இடுக்கு வழியே உள்ளே சென்று உலோகத் தொடுகைகளை அரிக்கக்கூடியது. ஒரே தகடாக வார்த்த விசைப்பரப்பின் பயன் இத்தகைய இடங்களில்தான் விளங்கும்.

போட்டி ஆட்டங்களும் விரல்களும்

2018இல் வெளியான பப்ஜி மொபைல் ஆட்டத்தில் இடப் பெருவிரல் நகர்த்த, வலப் பெருவிரல் குறிபார்க்கவும் சுடவும் வேண்டும். மூன்றாவது வேலைக்கு விரலில்லை. இதனால் சுட்டுவிரல்களையும் திரையின் மேல்விளிம்பில் மடித்து வைத்து ஆடும் பிடி பரவியது. திரையின் புதுப்பிப்பு வேகமும் இங்கு பொருட்டாகிறது. நொடிக்கு 60 முறை புதுப்பிக்கும் திரையில் ஒவ்வொரு படமும் 16.7 மில்லிநொடி நிற்கும். 120 முறை எனில் 8.3 மில்லிநொடி. எதிரியைச் சற்று முன்னரே காணும் வாய்ப்பு விலையுயர்ந்த கருவி வைத்திருப்பவருக்குக் கிடைக்கிறது. விரைவுத் திறனை அளப்பதாகக் கூறப்படும் போட்டி, இவ்வாறு கருவியின் விலையையும் சேர்த்தே அளக்கிறது.

பப்ஜி மொபைல் 2020 செப்டம்பரில் இந்தியாவில் தடை செய்யப்பட்டது. 2021 சூலையில் அதன் இந்தியப் பதிப்பு வெளிவந்தது. குறைந்த நினைவகம் கொண்ட கைபேசிகளிலும் இயங்கியதால் பரவிய பிரீ பயர் 2022 பிப்ரவரியில் தடைக்குள்ளானது.

எஞ்சிய விசைகள்

திரைக்கு அடியிலிருந்து ஆட்ட விசைகள் நழுவி வெளிவரும் எக்சுபீரியா பிளே 2011இல் வந்தது, அவ்வமைப்பு நிலைக்கவில்லை. 2017இல் அறிமுகமான சியோபோன் 2.4 அங்குலத் திரையையும் எண் விசைகளையும் நான்காம் தலைமுறை இணைப்புடன் சேர்த்தது. அதே ஆண்டு நோக்கியா 3310 என்ற பெயர் புதிய கருவியொன்றில் மீண்டபோது பாம்பு ஆட்டமும் உடன் வந்தது. தொடுதிரைக் கைபேசியின் விளிம்பில் மாட்டிக்கொள்ளும் சிறு நெம்பு விசைகளும் விற்கப்படுகின்றன. நெம்பை அழுத்தினால் அதன் மறுமுனை கண்ணாடியைத் தொடும். விரலுக்கோ அழுந்திய உணர்வு கிட்டும்.