மணல் நிலத்தில் காய்கறியா? நீரையும் உரத்தையும் பிரித்துக் கொடுங்கள்

எண்ணூர், திருவொற்றியூர் பக்கம் இன்று துறைமுகமும் தொழிற்சாலைகளும்தான் கண்ணில் படுகின்றன. ஆனால், கொசஸ்தலை ஆற்றைக் கடந்து மீஞ்சூர், பொன்னேரி பக்கம் போனால் நெல்லோடு கீரை, கத்தரி, வெண்டையும் பயிராகின்றன. கடலை நெருங்க நெருங்க மண் மணற்பாங்காகிறது. இங்கே தேவைக்கு மேல் பாய்ச்சும் தண்ணீர், உரத்தைக் கீழே இழுத்துச் செல்வதோடு கிணற்றையும் உப்பாக்கும்.

சென்னைக் குடிநீருக்கும் பாசனத்துக்கும் அதிகமாக இறைத்ததால், மீஞ்சூர் பகுதி நிலத்தடி நீரில் கடல்நீர் புகுந்தது 1960-களின் கடைசியிலேயே தெரியவந்தது. பிறகு உப்பு பத்து கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே வந்துவிட்டது. கடலோரத்தில் நன்னீர் உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. நன்னீர் மட்டம் நிலையாக ஓரடி இறங்கினால், அடியில் உப்புநீர் சுமார் 40 அடி ஏறும் என்பது கணக்கு. நகரத்தின் தாகத்துக்கு 2010-ல் காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்தது. வயலுக்கு அப்படி ஆலை வராது. கிணற்றைக் காப்பது நம் கையில்தான் உள்ளது.

எவ்வளவு தண்ணீர்?

மணலில் மேல் ஓரடி மண் பயிருக்குத் தரக்கூடிய நீர் சுமார் 20 மில்லிமீட்டர்தான். அதில் பாதி தீர்வதற்குள் அடுத்த தண்ணீர் விட வேண்டும். கோடையில் காய்கறிகளுக்கு நாளொன்றுக்கு 5 முதல் 6 மி.மீ. தேவை. ஆக, இரண்டு நாளுக்கு ஒருமுறை 10 மி.மீ., அதாவது ஏக்கருக்கு 40 ஆயிரம் லிட்டர் போதும். வாரம் ஒருமுறை பாத்தி நிறையப் பாய்ச்சினால் பெரும்பகுதி வேருக்குக் கீழே போய்விடும். வார இறுதியில் பயிர் வாடும்.

பாய்ச்சிய மறுநாள் மண்வெட்டியால் ஒன்றரை அடி தோண்டிப் பாருங்கள். ஆழம் குறைந்த வேர் உள்ள கீரை, மிளகாய்க்கு அங்கேயும் மண் நன்றாக நனைந்திருந்தால் அளவு அதிகம்.

சொட்டுநீர் அமைப்பவர்கள் ஓரடி இடைவெளியில் சொட்டுவான் உள்ள குழாயைக் கேளுங்கள். மணலில் நீர் பக்கவாட்டில் பரவாது, நேராக இறங்கும். அன்றைய தேவையைக் காலை, மாலை எனப் பிரித்து விடுங்கள். சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதமும் மற்றவர்களுக்கு 75 சதவீதமும் மானியம் உண்டு.

உரம் இடும் முறை

45 கிலோ யூரியா மூட்டையில் தழைச்சத்து 20 கிலோவுக்குச் சற்று மேல். அது மண்ணில் நைட்ரேட்டாக மாறியதும் மணலில் தங்காது, நீரோடு இறங்கிவிடும். எனவே மணிச்சத்தை அடியுரமாக இட்டு, தழைச்சத்தையும் சாம்பல்சத்தையும் நான்கைந்து தவணையாகப் பிரியுங்கள். சொட்டுநீரில் வாரம் ஒருமுறை சிறிதளவு கரைத்து விடலாம். பாசனத்தின் கடைசிப் பகுதியில் உரத்தை விட்டு, குழாய் கழுவும் அளவுக்கு மட்டும் வெறும் நீர் விட்டு நிறுத்துங்கள். ஐப்பசி, கார்த்திகையில் கனமழை அறிவிப்பு இருந்தால் மேலுரத்தைத் தள்ளிப்போடுங்கள்.

ஏக்கருக்கு 10 டன் மக்கிய தொழு உரம் இட்டால் மணலின் பிடிப்பு கூடும். வட்டாட்சியர் அனுமதியோடு ஏரி வண்டல் எடுத்து இடுவதும் பலன் தரும்.

உப்பு தட்டினால்

கிணற்று நீரின் இ.சி. அளவு 0.7-க்குள் இருந்தால் கவலையில்லை. 3-ஐத் தாண்டினால் பெரும்பாலான காய்கறிகளுக்கு ஆகாது. பீன்ஸ், முள்ளங்கி, மிளகாய் முதலில் பாதிக்கும்; பீட்ரூட் ஓரளவு தாங்கும். உப்பு நீருள்ள இடத்தில் மியூரியேட் ஆப் பொட்டாஷுக்குப் பதிலாக சல்பேட் ஆப் பொட்டாஷ் இடுங்கள். சொட்டுநீரில் உப்பு ஈரத்தின் ஓரங்களில் படியும். லேசான தூறல் அதை வேருக்குக் கொண்டுவரும் என்பதால், அப்போது சொட்டுநீரை நிறுத்தாதீர்கள்.

கோடையிலும் மழைக்குப் பின்னும் நீரைச் சோதித்து, அளவை ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். திருவள்ளூர் மாவட்ட விவசாயிகள் திரூர் வேளாண் அறிவியல் நிலையத்திலும் வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்திலும் ஆலோசனை பெறலாம். அளவு ஆண்டுக்கு ஆண்டு ஏறினால், மோட்டார் ஓடும் நேரத்தை உடனே குறையுங்கள். ஒருமுறை உப்பான கிணறு திரும்ப இனிக்கப் பல ஆண்டுகள் ஆகும்.