நீர் இறக்கும் மருந்தும் டிஜாக்ஸினும்

இதயம் தளர்ந்து கால் வீங்கியவர்களுக்கு இரு மருந்துகள் சேர்த்துத் தரப்படுவதுண்டு. ஒன்று, டிஜிடாலிஸ் செடியினின்று பெறப்படும் டிஜாக்ஸின். மற்றது, ஃபுரோசமைடு போன்ற சிறுநீர்ப் பெருக்கி. பின்னது நீரையும் உப்பையும் மட்டுமன்றிப் பொட்டாசியத்தையும் வெளியேற்றுகிறது. இரத்தத்தில் பொட்டாசியம் குறைந்தால் டிஜாக்ஸின் இதயத் தசையை மிகுதியாகப் பற்றிக்கொள்ளும். நேற்றுவரை மருந்தாயிருந்த அதே அளவு இன்று நஞ்சாகும். மாத்திரைகளை எண்ணிப் பார்த்து ஐயந்தீர்பவர் இங்கே ஏமாறுவர். வாந்தி, பேதி கண்ட நாட்களில் அபாயம் பின்னும் கூடும். பசியின்மை, குமட்டல், நாடி தாறுமாறாதல் ஆகியன இதன் குறிகள். பொருள்கள் மஞ்சளாகவோ பச்சையாகவோ தோன்றுதலும் உண்டு. இதனை ஆங்கில வைத்தியர் வில்லியம் விதரிங் 1785-இலேயே தம் நூலில் குறித்துள்ளார். இக்குறிகள் காணப்பட்டவரைத் தாமதமின்றி மருத்துவமனைக்கு அனுப்புதல் வேண்டும். அவர் உண்டுவரும் மாத்திரைகள் அனைத்தையும் உடன் கொடுத்தனுப்புக.