விமானப் பயணப் புள்ளிகள் யாருடைய நாணயம்?

வங்கி வைப்பு, தங்கம், வீட்டு மனை, அஞ்சலகச் சேமிப்பு என்று நீளும் நடுத்தரக் குடும்பங்களின் சொத்துப் பட்டியலில், அண்மைக் காலமாக ஓசையின்றி ஒரு புதிய இனமும் சேர்ந்திருக்கிறது. விமான நிறுவனங்கள் வழங்கும் பயணப் புள்ளிகளே அது. வெளிநாட்டில் வாழும் பிள்ளைகளைப் பார்த்துத் திரும்பும் பெற்றோர், மாதம் இருமுறை தில்லிக்கும் மும்பைக்கும் பறக்கும் அலுவலர்கள், கடன் அட்டையில் மளிகை வாங்கும் இளைஞர்கள் எனப் பலரின் கணக்குகளிலும் இவை ஆயிரக்கணக்கில் குவிந்து கிடக்கின்றன. பொருளியல் கற்பித்தவன் என்பதால், 'இவற்றை எப்படிப் பயன்படுத்தினால் லாபம்?' என்று நண்பர்கள் என்னிடம் கேட்பதுண்டு. இவை எப்படிப்பட்ட செல்வம் என்பதைப் புரிந்துகொண்டால் அந்தக் கேள்விக்கான விடை தானாகவே கிடைத்துவிடும்.

அமெரிக்காவில் 1978 வரை எந்த விமானம் எந்த வழித்தடத்தில் பறக்கலாம், எவ்வளவு கட்டணம் வாங்கலாம் என்பதை ஓர் அரசு வாரியமே தீர்மானித்து வந்தது. அந்த வாரியத்துக்குத் தலைமை ஏற்ற ஆல்பிரட் கான் என்னும் பொருளியல் பேராசிரியர் கட்டுப்பாடுகளைத் தளர்த்தினார். 1978இல் அதற்கான சட்டமும் நிறைவேறியது. கட்டணப் போட்டி மூண்டது. எல்லா விமானங்களிலும் ஏறத்தாழ ஒரே மாதிரியான இருக்கை, ஒரே பயண நேரம் எனும்போது, பத்து டாலர் குறைவாகக் கேட்கும் நிறுவனத்தை நோக்கிப் பயணி எளிதில் நகர்ந்துவிடுவார். அவரைத் தம்மிடமே நிறுத்திக்கொள்ள நிறுவனங்கள் கண்ட உத்திதான் இந்தத் திட்டம். 1981 மே 1 அன்று அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 'அட்வான்டேஜ்' திட்டத்தைத் தொடங்கியது. சில நாள்களிலேயே யுனைடெட் நிறுவனமும் பின்தொடர்ந்தது.

இதன் பின்னுள்ள கணக்கு எளிமையானது. புறப்பட்டுவிட்ட விமானத்தில் காலியாக இருக்கும் இருக்கை, விற்காமல் வாடிய பூவைப் போன்றது. மறுநாள் அதை விற்க முடியாது. அந்த இருக்கையில் கூடுதலாக ஒருவரை அமர்த்துவதற்கு ஆகும் இறுதிநிலைச் செலவு, ஓர் உணவும் சிறிதளவு எரிபொருளும் மட்டுமே. ஆனால், அதே இருக்கை பயணிக்குப் பல ஆயிரம் ரூபாய் மதிப்புள்ள பரிசாகத் தெரிகிறது. கொடுப்பவருக்கு மலிவாகவும் பெறுபவருக்கு அரியதாகவும் ஒரு பொருள் அமைவது வணிகத்தில் அபூர்வம்.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. அலுவல் பயணத்தில் கட்டணத்தைச் செலுத்துவது நிறுவனம். புள்ளிகளைப் பெறுவதோ தனிமனிதர். பொருளியலில் 'முதல்வர் - முகவர் சிக்கல்' என்று நாங்கள் வகுப்பில் நடத்துவது இதைத்தான். பிறர் பணத்தில் பறப்பவர் மலிவான விமானத்தைத் தேடமாட்டார். தமக்குப் புள்ளி தரும் விமானத்தையே தேடுவார். 2002இல் ஜெர்மனியில், அலுவல் பயணங்களில் சேர்ந்த மைல்களைச் சொந்தப் பயணத்துக்குப் பயன்படுத்திய விவகாரம் வெடித்து, பெர்லின் மாநில அமைச்சராக இருந்த கிரகோர் கீசி பதவி விலகினார். நம் நாட்டிலும், அரசுச் செலவிலான பயணங்களில் சேரும் புள்ளிகளை அலுவல் பயணத்துக்கே பயன்படுத்த வேண்டும் என்று மத்திய நிதி அமைச்சகம் அறிவுறுத்தியுள்ளது. தனியார் துறையில் இது பெரும்பாலும் கேட்பாரின்றியே கிடக்கிறது.

தொடக்கத்தில் பறந்த தொலைவுக்கு ஏற்பப் புள்ளிகள் கிடைத்தன. பிறகு இரண்டு மாற்றங்கள் நிகழ்ந்தன. முதலாவது, விமான நிறுவனங்கள் புள்ளிகளை மொத்தமாக வங்கிகளுக்கு விற்கத் தொடங்கின. வங்கிகள் அவற்றைக் கடன் அட்டை வாடிக்கையாளருக்கு வழங்கின. இவ்வணிகம் எவ்வளவு பெரியது என்பது பெருந்தொற்றுக் காலத்தில்தான் வெளிச்சத்துக்கு வந்தது. 2020இல் விமானங்கள் தரையில் நின்றபோது, யுனைடெட் நிறுவனம் தன் புள்ளித் திட்டத்தையே ஈடாக வைத்துக் கடன் திரட்டியது. அத்திட்டத்துக்கு இடப்பட்ட மதிப்பு ஏறத்தாழ 2,200 கோடி டாலர். அப்போது பங்குச் சந்தையில் அந்நிறுவனம் முழுவதற்கும் இருந்த மதிப்போ அதைவிடக் குறைவு!

இரண்டாவது மாற்றம், தொலைவுக்குப் பதிலாகச் செலவிட்ட தொகையே அளவுகோலானது. டெல்டாவும் யுனைடெட்டும் 2015இலும், அமெரிக்கன் 2016இலும் இம்முறைக்கு மாறின. ஏர் இந்தியாவும் 2024இல் இதே வழியில் தன் திட்டத்தை மாற்றி அமைத்தது. விலை மலிந்த நாளில் சீட்டு வாங்கித் தொலைதூரம் பறந்து புள்ளி சேர்ப்பவருக்கு இருந்த வாய்ப்பு இதனால் சுருங்கிவிட்டது.

இந்த வரலாற்றிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய உண்மை ஒன்று உண்டு. புள்ளி என்பது ஒரு நாணயம். ஆனால், அந்த நாணயத்தை அச்சிடுபவரும், அதைக் கொண்டு வாங்கக்கூடிய ஒரே சரக்கை விற்பவரும், அச்சரக்கின் விலையை நிர்ணயிப்பவரும் ஒருவரே. ரூபாயின் மதிப்பைக் காக்க ரிசர்வ் வங்கி இருக்கிறது. அதற்குப் பணவீக்க இலக்கும் இருக்கிறது. புள்ளிகளுக்கு அப்படி ஒரு காவலர் இல்லை. நேற்று 30,000 புள்ளிக்குக் கிடைத்த சீட்டுக்கு இன்று 40,000 கேட்டால், நாம் முறையிட இடமில்லை.

நிறுவனம் வீழ்ந்தாலோ நிலைமை இன்னும் மோசம். 2012இல் கிங்ஃபிஷர் பறப்பதை நிறுத்தியபோது அதன் உறுப்பினர்களின் புள்ளிகள் வெற்று எண்களாயின. 2019 ஏப்ரல் 17 அன்று ஜெட் ஏர்வேஸின் கடைசி விமானம் பறந்தது. அதன் புள்ளித் திட்டம் தனி நிறுவனமாக இருந்ததால் 'இன்டர்மைல்ஸ்' என்று பெயர் மாறித் தப்பியது. ஆனால், உறுப்பினர்கள் எந்த விமானத்தை நம்பிச் சேர்த்தார்களோ அந்த விமானம் இல்லாமல் போயிற்று.

சட்டமும் பெரிதாகக் கைகொடுப்பதில்லை. அமெரிக்காவில் உயர் தரநிலை பெற்றிருந்த ஒரு பயணியை, அடிக்கடி புகார் செய்தார் என்று சொல்லி நார்த்வெஸ்ட் நிறுவனம் திட்டத்திலிருந்து நீக்கியது. நல்லெண்ணத்துடன் நடந்துகொள்ளும் கடமையை நிறுவனம் மீறிவிட்டது என்று அவர் தொடுத்த வழக்கை, 1978ஆம் ஆண்டின் கட்டுப்பாடு நீக்கச் சட்டம் அனுமதிக்கவில்லை என்று 2014இல் அந்நாட்டு உச்சநீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. புள்ளிகள் உறுப்பினரின் சொத்தல்ல என்றே பல திட்டங்களின் விதிகள் கூறுகின்றன. உறுப்பினர் மறைந்தால் புள்ளிகளும் மறையும் என்ற விதியும் பலவற்றில் உண்டு. என் வயதினர் இதைக் கருத்தில் கொள்வது நல்லது.

ஆகவே, முதல் விதி: சேர்த்து வைக்காதீர்கள். ஓராண்டுக்குள்ளோ ஈராண்டுக்குள்ளோ ஒரு குறிப்பிட்ட பயணத்துக்கு என்று இலக்கு வைத்துச் சேர்த்து, உடனே செலவிடுங்கள். சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் 'கிரிஸ்ஃபிளையர்' மைல்கள் மூன்றாண்டுகளில் காலாவதியாகின்றன. காலாவதி இல்லாத திட்டங்களிலும் மதிப்புத் தேய்மானம் உண்டு.

இரண்டாவது விதி: செலவிடும் முன் ஒரு வகுத்தல் கணக்குப் போடுங்கள். ஒரு சீட்டின் ரொக்க விலை ரூ.48,000 என்று வைத்துக்கொள்வோம். அதையே புள்ளியில் வாங்க 60,000 புள்ளிகளும், வரி மற்றும் கட்டணங்களுக்காக ரூ.12,000 ரொக்கமும் கேட்கிறார்கள். ரொக்க விலையிலிருந்து 12,000ஐக் கழித்து 60,000ஆல் வகுத்தால், புள்ளிக்கு 60 காசு. புள்ளியில் வாங்கிய சீட்டுக்குப் பொதுவாகப் புதிய புள்ளிகள் கிடைக்காது என்பதையும் சேர்த்தால் மதிப்பு இன்னும் சற்றுக் குறையும்.

இனி, உயர் வகுப்புச் சீட்டு. ரொக்க விலை ரூ.1,80,000, புள்ளியில் 1,20,000மும் ரூ.20,000 ரொக்கமும். அதே முறையில் கணக்கிட்டால் புள்ளிக்கு ரூ.1.33 வருகிறது. இரு மடங்குக்கும் மேல் லாபம் என்று விளம்பரங்கள் ஆர்ப்பரிப்பது இந்த எண்ணை வைத்துத்தான். ஆனால், பொருளியல் மாணவர் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: 'புள்ளிகள் இல்லாவிட்டால் அந்த இருக்கைக்கு நான் ரூ.1,80,000 கொடுத்திருப்பேனா?' மாட்டேன், அதிகபட்சம் ரூ.90,000தான் கொடுத்திருப்பேன் என்றால், அந்த இருக்கை உங்களுக்குத் தரும் மதிப்பு அவ்வளவுதான். அதன்படி புள்ளிக்கு 58 காசே கிடைக்கிறது. சாதாரண வகுப்பைவிடக் குறைவு. விலைப்பட்டியலில் உள்ள எண்ணும் நம் மனத்தில் உள்ள மதிப்பும் வேறு வேறு. முழங்கால் வலியுள்ள முதியவர் பதினைந்து மணி நேரம் படுத்துச் செல்ல விரும்பினால் அது நியாயமான செலவு. மலிவு என்று மயங்கி வாங்குவதுதான் பிழை.

மூன்றாவது விதி: சிதறவிடாதீர்கள். ஐந்து நிறுவனங்களில் ஐயாயிரம் புள்ளிகள் வீதம் வைத்திருப்பவர் எங்கும் பறக்க முடியாது. 1997இல் தொடங்கப்பட்ட ஸ்டார் அலையன்ஸ் கூட்டணியில் ஏர் இந்தியா 2014இல் சேர்ந்தது. எனவே சென்னையிலிருந்து லுஃப்தான்சாவில் பிராங்க்பர்ட் செல்பவரும், சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் சிங்கப்பூர் செல்பவரும் தகுதியுள்ள சீட்டுகளுக்கான புள்ளிகளை ஏர் இந்தியாக் கணக்கிலேயே சேர்க்கலாம். மிக மலிவான சீட்டுகளுக்குக் கூட்டணி நிறுவனங்கள் புள்ளியே தராமல் போகலாம் என்பதால், வாங்கும் முன் கட்டண வகையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். எமிரேட்ஸ், பிரிட்டிஷ் ஏர்வேஸ் போன்றவை குடும்பத்தாரின் புள்ளிகளை ஒன்றாகச் சேர்க்க அனுமதிக்கின்றன. உறுப்பினர் எண்ணைக் குறிப்பிட மறந்தாலும், பயணத்துக்குப் பின் குறிப்பிட்ட காலத்துக்குள் கோரிப் பெறும் வழி பெரும்பாலான திட்டங்களில் உள்ளது; அதுவரை பயண அட்டையைத் தூக்கியெறிய வேண்டாம்.

நான்காவது விதி: வங்கிப் புள்ளிகளை அவசரப்பட்டு விமானப் புள்ளிகளாக மாற்றாதீர்கள். மாற்றினால் பொதுவாகத் திரும்பப் பெற இயலாது. இருக்கை இருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகே மாற்ற வேண்டும். இருக்கைகள் பெரும்பாலும் பத்து, பதினொரு மாதங்களுக்கு முன்பே திறக்கப்படுகின்றன. பள்ளி விடுமுறைக்குக் கட்டுப்பட்டவர்களைவிட, எந்த மாதத்திலும் புறப்படக்கூடிய ஓய்வுபெற்றோருக்கு இதில் வாய்ப்பு மிகுதி.

ஐந்தாவது விதி: புள்ளிக்காகச் செலவிடாதீர்கள். 1999இல் கலிபோர்னியாவைச் சேர்ந்த ஒரு பொறியாளர், ஓர் உணவு நிறுவனத்தின் விளம்பரச் சலுகையில் இருந்த ஓட்டையைக் கண்டுபிடித்து, ஏறத்தாழ 3,000 டாலருக்கு 12,000க்கும் மேற்பட்ட புட்டிங் கிண்ணங்களை வாங்கி, 12 லட்சத்துக்கும் அதிகமான மைல்களைப் பெற்றார். இக்கதையை எல்லோரும் சொல்கிறார்கள். அது விதிவிலக்கு என்பதைத்தான் சொல்வதில்லை. நம் நாட்டில் கடன் அட்டையின் நிலுவைக்கு மாதம் மூன்று விழுக்காட்டுக்கு மேல் வட்டி வசூலிப்பது வழக்கம். நூறு ரூபாய்க்கு ஒரு ரூபாய் மதிப்புள்ள புள்ளி கிடைத்தாலும், ஒரு மாத நிலுவை அதைப் போல் மும்மடங்கை விழுங்கிவிடும். நிலுவையை மாதந்தோறும் முழுமையாகச் செலுத்த முடியாதவருக்குப் புள்ளித் திட்டம் நஷ்டக் கணக்கே.

இந்தப் பரிசுகளுக்கான பணம் எங்கிருந்து வருகிறது? கடன் அட்டையை ஏற்கும் வணிகர், விற்பனைத் தொகையில் ஏறத்தாழ இரண்டு விழுக்காட்டை வங்கிக்குக் கட்டணமாகத் தருகிறார். அதில் ஒரு பகுதிதான் புள்ளியாக வாடிக்கையாளரிடம் திரும்புகிறது. வணிகர் அச்செலவைப் பொருளின் விலையில் ஏற்றுகிறார். யுபிஐ வழியாகச் செலுத்தினால் 2020 ஜனவரி முதல் வணிகருக்கு இக்கட்டணம் இல்லை. ஆனால், ரொக்கமோ யுபிஐயோ கொடுத்து வாங்குபவரும் கடன் அட்டைக்காரரும் ஒரே விலையைத்தான் தருகிறார்கள். விமானத்தையே பார்த்திராத ஒருவரும் வேறொருவரின் பயணத்துக்குச் சில காசுகள் செலுத்துகிறார் என்பதே இதன் பொருள்.

எனவே இது தனிமனித சாமர்த்தியத்தோடு முடியும் விஷயமன்று. 2024 செப்டம்பரில் அமெரிக்கப் போக்குவரத்துத் துறை, நான்கு பெரிய விமான நிறுவனங்களின் புள்ளித் திட்டங்கள் குறித்து விளக்கம் கேட்டது. நம் நாட்டிலும் குறைந்தபட்சம் இரண்டு கடமைகளை விதிக்கலாம்: புள்ளியின் மதிப்பைக் குறைக்கும் முன் ஆறு மாத முன்னறிவிப்பு, உறுப்பினர் இறந்தால் அவர் சேர்த்தவற்றை வாரிசு பயன்படுத்தும் உரிமை. வங்கிச் சேமிப்பின் வட்டி கால் விழுக்காடு குறைந்தால் நாடே பேசுகிறது. புள்ளியின் மதிப்பு கால் பங்கு குறைந்தாலும் ஒரு மின்னஞ்சலோடு முடிந்துவிடுகிறது.

வங்கி அட்டையோடு இணைந்த சலுகையைத் தவிர வேறு புள்ளித் திட்டம் ஏதுமின்றியே, 2006இல் பறக்கத் தொடங்கிய இண்டிகோ நாட்டின் மிகப் பெரிய விமான நிறுவனமாக வளர்ந்தது; 2024இல்தான் அதுவும் 'புளூசிப்' என்ற திட்டத்தை அறிமுகப்படுத்தியது. இதற்குப் பயணிகள் சொன்ன பாடம் தெளிவானது. நியாயமான கட்டணமும் நேரம் தவறாத சேவையும் கிடைத்தால் மக்கள் புள்ளியை எதிர்பார்ப்பதில்லை. சீட்டு வாங்கும்போது முதலில் கட்டணத்தையும் நேரத்தையும் பாருங்கள். இரண்டும் சமமாக இருந்தால் மட்டுமே புள்ளியைப் பாருங்கள். கையில் இருக்கும் புள்ளிகளுக்கு இந்த ஆண்டே ஒரு பயணத்தைக் குறித்துவிடுங்கள்.