ஆறு விநாடித் துண்டுகளில் ஒரு பாட்டு

திங்கள் முதல் வெள்ளி வரை சாப்ட்வேர் கம்பெனியில் புரோகிராம் எழுதுகிறேன். சனி, ஞாயிறுகளில் பெரம்பூரில் ஒரு மொட்டைமாடி அறையில் கிடார் வாசிக்கிறேன். நாங்கள் நான்கு பேர் சேர்ந்து ஒரு ராக் பேண்ட் நடத்துகிறோம். பாட்டுகள் எல்லாம் தமிழில் நாங்களே எழுதியவை. ஆனால் சத்தம் மட்டும் 1960களின் சத்தம். கேட்பவர்கள் "இது எந்தப் பழைய ரெக்கார்ட்?" என்று கேட்டால் எங்களுக்குப் பெருமையாக இருக்கும்.

கம்ப்யூட்டர் இதழில் ராக் பேண்டுக்கு என்ன வேலை என்று நீங்கள் நினைக்கலாம். எங்கள் பேண்டின் ஐந்தாவது ஆள் கம்ப்யூட்டர்தான். அதை நம்பிப் பாட்டைப் பதிந்தோம். அதில்தான் தொலைத்தோம். பெரும் பகுதியைத் திரும்ப எடுத்ததும் அதில்தான். புதிதாக கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் இந்தக் கதையைத் தெரிந்து வைத்துக் கொண்டால், என்னைப் போல ஒரு மாதம் தூக்கம் கெடாமல் தப்பிக்கலாம்.

முதலில் எங்கள் பாஸ் கிடார் வாசித்தவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 1970களில் மெல்லிசைக் குழுக்களில் கோயில் திருவிழா, கல்யாணம் என்று ஊர் ஊராகப் போய் வாசித்தவர். நாங்கள் மூவரும் அவரை "சார்" என்போம். அவருக்கு நாங்கள் எல்லாரும் "தம்பி". அவரே பாகங்கள் வாங்கிப் பொருத்திய ஒரு வால்வு ஆம்ப்ளிபயர் வைத்திருந்தார். சுவிட்சைப் போட்டால் உடனே சத்தம் வராது. வால்வு சூடாகும் வரை காத்திருக்க வேண்டும். அது கிடந்த கனத்துக்கு, நிகழ்ச்சி என்றால் குட்டி யானை வண்டிதான் பிடிப்போம். டிரம்ஸுக்கு அடுத்து அதிக இடம் பிடிப்பது அந்தப் பெட்டிதான்.

"பாஸ் சத்தமா கேக்கக் கூடாது தம்பி. நிறுத்தினா மட்டும்தான் தெரியணும்" என்பார்.

பழைய சத்தம் எங்கிருந்து வருகிறது?

கம்ப்யூட்டரில் ஒலி எண்களாகத்தான் பதிவாகிறது. சிடி தரத்தில், ஒரு விநாடியில் 44,100 முறை ஒலியை அளந்து எழுதி வைக்கிறது. 16 பிட் என்றால், ஓர் அளவின் உச்சம் 32,767. அதற்கு மேல் எண் கிடையாது. நீங்கள் மைக் முன்னால் கத்தினால், அலையின் தலை கத்தியால் வெட்டியது போல் தட்டையாகிவிடும். காதில் கரகரவென்று கேட்கும். இதற்குக் கிளிப்பிங் என்று பெயர். பின்னர் எந்த சாப்ட்வேர் கொண்டும் அதை முழுதாகச் சரி செய்திட முடியாது.

வால்வு அப்படியல்ல. தாங்காத சத்தம் வந்தால் அலையின் தலையைச் சற்று உருண்டையாக்கி, கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தும். அந்த உடைசல்தான் பழைய ராக் இசைக்கு அழகு. இதற்காக அந்தக் காலத்தில் செய்த வேலைகளைக் கேட்டால் சிரிப்பு வரும். 1958ல் லிங்க் ரே என்ற அமெரிக்க கிடார் கலைஞர், 'ரம்பிள்' என்ற இசைக்காக ஸ்பீக்கர் காகிதத்தில் துளை போட்டார். 1964ல் இங்கிலாந்தின் கிங்க்ஸ் குழுவைச் சேர்ந்த டேவ் டேவிஸ் பிளேடால் ஸ்பீக்கரைக் கிழித்தார். நாங்கள் ஸ்பீக்கரைக் கிழிக்கவில்லை. வாங்குகிற சம்பளத்தில் அது முடியாது.

இன்னொரு ரகசியம், எல்லாரும் ஒரே அறையில் ஒன்றாக வாசிப்பது. பீட்டில்ஸ் குழு தன் முதல் ஆல்பத்தின் 10 பாட்டுகளை 1963 பிப்ரவரி 11 அன்று ஒரே நாளில் அப்படித்தான் பதிந்தது. இப்படி வாசித்தால் ஒருவர் மைக்கில் அடுத்தவர் சத்தமும் லேசாகக் கசியும். பெரிய ஸ்டுடியோக்களில் இதைத் தவிர்க்கத் தனித்தனி அறை போடுவார்கள். எங்களிடம் இருந்ததோ ஒரே அறை. கசியட்டும் என்று விட்டுவிட்டோம். இந்தக் கசிவைக் கொஞ்சம் நினைவில் வைத்துக் கொள்ளுங்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை

2019 நவம்பரில் ஒரு ஞாயிறு. நான்கு மைக் இணைக்கக்கூடிய யுஎஸ்பி ஆடியோ பெட்டி ஒன்றை வாடகைக்கு எடுத்தோம். டிரம்ஸுக்கு ஒரு மைக், கிடாருக்கு ஒன்று, பாஸ் பெட்டிக்கு ஒன்று, பாடுபவருக்கு ஒன்று. சாப்ட்வேர் ஆடாசிட்டி. 2000த்திலிருந்து இலவசமாகக் கிடைத்து வரும் தொகுப்பு இது. சுவரில் பாயும் மெத்தையும் சாத்தினோம். மின்விசிறிச் சத்தம் மைக்கில் விழும் என்பதால் அதை நிறுத்திவிட்டு, வியர்வையில் நனைந்து கொண்டே வாசித்தோம்.

காலை முழுவதும் 'ஙொய்' என்ற இரைச்சலோடு போராட்டம். நம் ஊர் மின்சாரம் விநாடிக்கு 50 சுழற்சிகளாக வருகிறது. எர்த் சரியில்லை என்றால் அந்த 50 ஹெர்ட்ஸ் அப்படியே மைக்கில் இரைச்சலாக வந்து உட்கார்ந்து கொள்ளும். சாப்ட்வேரில் நீக்கிக் கொள்ளலாம் என்றேன் நான். சார் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் சொன்னதுதான் சரி. பாஸ் கிடாரின் தடித்த கம்பியில் வரும் 'ஜி' ஸ்வரம் 49 ஹெர்ட்ஸ். இரைச்சலை வெட்டினால் அவர் வாசிப்பையும் சேர்த்து வெட்டியிருப்பேன். கீழ் வீட்டிலிருந்து எர்த் சரியாக இருந்த ஒரு பிளக் பாயின்டுக்கு நீள வயர் இழுத்ததும் இரைச்சல் அடங்கியது. உங்கள் வீட்டில் ஸ்பீக்கர் இரைந்தாலும் முதலில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைப் பாருங்கள். சாப்ட்வேரைப் பிறகு தேடலாம்.

மாலைக்குள் ஐந்து பாட்டுகள் முடிந்தன. அதில் ஒன்று, 3 நிமிடம் 42 விநாடி. வாசித்து முடித்ததும் யாரும் பேசவில்லை. சார் மட்டும் "இது போதும்" என்று கிடாரைப் பெட்டிக்குள் வைத்தார்.

நான் செய்த தவறு

விண்டோஸ் 7க்கு மைக்ரோசாப்ட் தந்து வந்த ஆதரவு 2020 ஜனவரி 14 அன்று முடிந்தது. அதற்கு முன்பாகவே டிசம்பரில் விண்டோஸ் 10க்கு மாறிவிடலாம் என்று முடிவு செய்தேன். முக்கியமான பைல்களை பென் டிரைவில் காப்பி செய்தேன். ஐந்து பாட்டுகளுக்குமான ஆடாசிட்டி பைல்களையும் தேடிப் பிடித்து காப்பி செய்தேன். கண் சிமிட்டும் நேரத்தில் முடிந்துவிட்டது. பிறகு ஹார்ட் டிஸ்க்கை பார்மட் செய்து, புதிய விண்டோஸை நிறுவினேன்.

கண் சிமிட்டும் நேரத்தில் முடிந்ததே, அங்கேயே நான் யோசித்திருக்க வேண்டும். 44,100 அளவுகள், ஒவ்வொன்றும் 32 பிட், நான்கு டிராக். கணக்குப் போட்டால் நிமிடத்துக்கு சுமார் 42 எம்பி. அந்த ஒரு பாட்டு மட்டுமே 150 எம்பிக்கு மேல். நான் காப்பி செய்த ஐந்து பைல்களும் சேர்ந்து 1 எம்பி கூட இல்லை.

அப்போதைய ஆடாசிட்டி, ஒரு பாட்டை இரண்டாகப் பிரித்துச் சேமித்தது. 'ஏயுபி' என்ற சிறிய பைலில் எந்தத் துண்டு எங்கே வர வேண்டும் என்ற குறிப்பு மட்டும் இருக்கும். உண்மையான ஒலி, பக்கத்தில் 'டேட்டா' என்று முடியும் போல்டரில் இருக்கும். நான் குறிப்பை எடுத்துக்கொண்டு ஒலியை அழித்திருந்தேன். இன்ஜினீயரிங் படித்து, சாப்ட்வேர் கம்பெனியில் சம்பளம் வாங்குபவன் செய்த காரியம் இது.

ஜனவரி இரண்டாவது வாரத்தில் சாருக்குப் பக்கவாதம் வந்தது. உயிருக்கு ஆபத்தில்லை. பேச்சு கொஞ்சம் குழறியது. வலது கை அசையவில்லை. மருத்துவமனையிலிருந்து வந்த இரவு, அந்தப் பாட்டைக் கேட்கலாம் என்று பைலைத் திறந்தேன். டேட்டா போல்டரைக் காணவில்லை என்று ஒரு சிறிய கட்டம் வந்தது. மூன்று முறை மூடித் திறந்தேன். மூன்று முறையும் அதே கட்டம்.

மீண்டும் வாசித்துப் பதியலாம் என்றால், வாசிக்க வேண்டிய கை படுக்கையில் இருந்தது. டிரம்மரிடம் சொல்ல எனக்கு நான்கு நாள் ஆனது.

துண்டு தேடும் வேலை

விரைவாக பார்மட் செய்யும்போது, ஹார்ட் டிஸ்க்கில் உள்ளவை உண்மையில் அழிவதில்லை. புத்தகத்தின் பொருளடக்கத்தைக் கிழித்தது போலத்தான். பக்கங்கள் உள்ளேயே இருக்கும். ஆனால் அந்த இடத்தில் வேறு எதையாவது எழுதினால் போய்விடும். புதிய விண்டோஸ் கொஞ்சம் இடத்தைத் தின்றிருந்தது. மீதம் இருக்கலாம். (இப்போது பெரும்பாலான கம்ப்யூட்டர்களில் வரும் எஸ்எஸ்டி டிரைவில் இந்த அதிர்ஷ்டம் அநேகமாகக் கிடைக்காது. பார்மட் செய்ததும் பழைய இடங்களை டிரைவே காலி செய்துவிடும்.)

உடனே கம்ப்யூட்டரை நிறுத்தி, ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, ரிச்சி தெருவில் வாங்கிய யுஎஸ்பி கேபிள் மூலம் நண்பரின் லேப்டாப்பில் இணைத்தேன். பைல் மீட்கும் இலவச புரோகிராம் ஒன்றை இரவு முழுவதும் ஓடவிட்டேன். காலையில் 'ஏயு' வகைப் பைல்கள் 600க்கு மேல் கிடைத்தன. ஒவ்வொன்றும் சுமார் 1 எம்பி. ஏறத்தாழ ஆறு விநாடி ஒலி. ஆனால் பெயர்கள் எல்லாம் போய்விட்டன. எது எந்தப் பாட்டு, எது முதல், எது கடைசி, ஒன்றும் தெரியாது.

இரண்டு நாள் காதால் கேட்டுக் கேட்டு வரிசைப்படுத்தப் பார்த்தேன். பைத்தியம் பிடித்துவிடும் போல் இருந்தது. மூன்றாம் நாள் ஏதோ தோன்றி, அந்த உதவாத ஏயுபி பைலை நோட்பேடில் திறந்தேன். உள்ளே வெறும் எழுத்துகள்தான். ஒவ்வொரு துண்டின் பெயருக்குப் பக்கத்திலும் மூன்று எண்கள் இருந்தன. அந்தத் துண்டில் ஒலி தொட்ட மிகக் குறைந்த அளவு, மிக உயர்ந்த அளவு, சராசரி பலம்.

பெயர் போனால் என்ன? கையில் இருக்கும் துண்டுகளுக்கும் இதே மூன்று எண்களைக் கணக்கிட்டு, குறிப்போடு பொருத்தினால் எந்தத் துண்டு எங்கே என்று தெரிந்துவிடும். பைதான் மொழியில் சின்ன புரோகிராம் எழுதினேன். ஆபீசில் எழுதியவை எதுவும் ஓடும்போது எனக்குக் கை நடுங்கியதில்லை. அன்று நடுங்கியது.

அந்த ஒரு பாட்டுக்கு டிராக் ஒன்றுக்கு 38 துண்டு, மொத்தம் 152. கிடைத்தவை 140. டிரம்ஸ் டிராக்கில் கடைசித் துண்டு மட்டும் இல்லை. கிடாரிலும் குரலிலும் சில ஓட்டைகள், அவற்றை நாங்களே மீண்டும் பதிந்தோம். பாஸில் 35 கிடைத்தன. மூன்று இல்லை. ஒன்று பாட்டின் முடிவில், எல்லாச் சத்தமும் அடங்கும் இடம். அது பரவாயில்லை. மற்ற இரண்டும் அடுத்தடுத்து, இரண்டாவது சரணத்தின் நடுவே. 12 விநாடி.

முதல் சரணத்திலும் அதே கார்டுகள்தான். அங்கிருந்து 12 விநாடி பாஸை காப்பி செய்து இங்கே பேஸ்ட் செய்தேன். கணக்கு சரியாகப் பொருந்தியது. யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன்.

பிப்ரவரியில் லேப்டாப்பையும் ஹெட்போனையும் எடுத்துக்கொண்டு சார் வீட்டுக்குப் போனோம். அவர் கண்ணை மூடிக் கேட்டார். இடது கை விரல்கள் போர்வை மேல் கம்பி அழுத்துவது போல் அசைந்து கொண்டிருந்தன. இரண்டாவது சரணத்தில் விரல்கள் நின்றன.

"இது நான் வாசிச்சது இல்லையே தம்பி. முதல்ல வந்ததை இங்க கொண்டாந்து ஒட்டிட்டியா?"

நடந்ததை எல்லாம் சொன்னேன். பார்மட் செய்ததையும் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். "எடுத்துடு. சும்மா விடு" என்றார்.

அங்கேயே, அவர் கட்டிலில் உட்கார்ந்து, ஒட்டிய பகுதியைத் தேர்ந்தெடுத்து டெலீட் செய்யாமல் சைலன்ஸ் செய்தேன். டெலீட் செய்தால் பின்னால் உள்ளது எல்லாம் முன்னால் நகர்ந்துவிடும், இதையும் கவனத்தில் கொள்ளவும். மீண்டும் ஓடவிட்டோம். அந்த இடத்தில் பாஸ் நிற்கிறது. ஆனால் முழுதாக நிற்கவில்லை. டிரம்ஸ் மைக்கில் கசிந்திருந்த அவருடைய வால்வுப் பெட்டிச் சத்தம் அடுத்த அறையிலிருந்து வருவது போல் கேட்கிறது. பிறகு 13வது விநாடியில் உள்ளே வந்துவிடுகிறது. சார் ஹெட்போனைக் கழற்றவில்லை. இன்னொரு தடவை என்று விரலால் காட்டினார்.

நீங்கள் இன்று ஆடாசிட்டி நிறுவினால், 2021ல் வந்த 3.0 பதிப்புக்குப் பின், ஒலியும் குறிப்பும் சேர்ந்து 'ஏயுபி3' என்ற ஒரே பைலாகச் சேமிக்கப்படும். புரோகிராமை மூடிய பிறகே அந்த பைலை காப்பி செய்திடவும். பாட்டு முடிந்ததும் டபிள்யுஏவி வடிவில் ஒரு பிரதியை எக்ஸ்போர்ட் செய்து வைக்கவும். பழைய ஏயுபி பைல் இருந்தால், டேட்டா போல்டரையும் சேர்த்து எடுக்கவும். விண்டோஸ் 10க்கான வழக்கமான இலவச அப்டேட்டுகளும் 2025 அக்டோபர் 14 அன்று நின்றுவிட்டதால், பலர் விண்டோஸ் 11க்கு மாறியும் மாற்றியும் வருகிறீர்கள். பார்மட் செய்யும் முன், காப்பி செய்ததை வேறு ஒரு கம்ப்யூட்டரில் திறந்து, ஒரு பாட்டையாவது ஓடவிட்டுப் பாருங்கள். பைலின் பெயர் தெரிவது போதாது. சத்தம் வர வேண்டும்.

சார் இப்போது கோயம்புத்தூரில் மகள் வீட்டில் இருக்கிறார். வால்வு ஆம்ப்ளிபயர் எங்களிடம்தான். பாஸ் வாசிக்கப் புதிதாக ஒரு நண்பர் வந்திருக்கிறார். மேடையில் அந்தப் பாட்டு வரும்போது, இரண்டாவது சரணத்தில் 12 விநாடி அவர் கம்பியிலிருந்து கையை எடுத்துவிடுகிறார்.