உபந்நியாசம் முடிந்த பிறகு

சங்கீதக் கச்சேரிகளுக்கும் ஆன்மிகச் சொற்பொழிவுகளுக்கும் பட்டிமன்றங்களுக்கும் நம் ஊர்களில் விளம்பரம் உண்டு. ஆனால் மாதத்தில் ஏதோ ஒரு மாலை, கல்லூரி அரங்கு ஒன்றிலோ சங்கக் கட்டடத்தின் மாடியிலோ, முப்பது நாற்பது எஞ்சினீயர்கள் கூடி, ஒரு பாலத்தின் அஸ்திவாரத்தைப் பற்றியோ, எரிந்துபோன ஒரு டிரான்ஸ்பார்மரைப் பற்றியோ ஒருவர் சொல்ல மற்றவர்கள் கேட்டிருந்து, பிறகு அவரைக் கேள்விகளால் துளைத்தெடுத்துவிட்டுத் தேநீர் அருந்திக் கலைந்துபோகும் கூட்டங்களைப் பற்றி, அங்கத்தினர் அல்லாதவர்களுக்கு அநேகமாக ஒன்றுமே தெரிவதில்லை. தெரிந்து ஆகவேண்டியது என்ன என்று கேட்பவர்களும் உண்டு. நாம் நாள்தோறும் கடக்கிற பாலமும், குடிக்கிற தண்ணீரும், வீட்டில் எரிகிற விளக்கும் எவருடைய புத்திக்கும் பொறுப்புக்கும் உட்பட்டவையோ, அவர்கள் தங்களுக்குள் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள், ஒருவருடைய கணக்கை மற்றவர் எந்த அளவுக்குச் சோதித்துப் பார்க்கிறார் என்பது நமக்குச் சம்பந்தமற்ற விஷயம் என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

இந்த வழக்கத்தின் பூர்விகத்தைத் தேடிப் போனால் லண்டன் மாநகரின் உணவு விடுதிகளிலும் காப்பிக் கடைகளிலும் போய் நிற்போம். 1771-இல் ஜான் ஸ்மீட்டன் முதலான எஞ்சினீயர்கள் ஹோல்பர்ன் வட்டாரத்திலிருந்த கிங்ஸ் ஹெட் என்ற விடுதியில் கூடி ஒரு சங்கத்தை ஏற்படுத்தினார்கள். கால்வாய் வெட்டவும் துறைமுகம் கட்டவும் அக்காலத்தில் பார்லிமெண்டின் சட்டம் தேவைப்பட்டபடியால், பார்லிமெண்டு கூடியிருக்கும் மாதங்களில் பெயர்பெற்ற எஞ்சினீயர்கள் பலரும் லண்டனில் தங்கியிருப்பார்கள். பகலில் கமிட்டிகளின் முன்னே ஒருவர் திட்டத்தை மற்றொருவர் மறுத்துச் சாட்சி சொல்வார்கள். பகலில் மூண்ட விரோதம் இரவுக்கும் நீடிக்கலாகாது என்று கருதியே, எதிர்க்கட்சிக்காரர்கள் ஒரே மேஜையில் அமர்ந்து உண்ணும் இந்த ஏற்பாட்டைச் செய்துகொண்டார்களாம். எதிர்த்துப் பேசுவதும் சேர்ந்து உண்ணுவதும் ஒன்றுக்கொன்று முரண்பட்டவை அல்ல என்று கண்டவர்கள் அவர்கள்.

ஆயினும் அது புகழ் பெற்ற பெரியவர்களின் விருந்தாகவே இருந்தது. சிவில் எஞ்சினீயருக்கென்று ஒரு கல்லூரி அன்றைய இங்கிலாந்தில் கிடையாது; தொழில் கற்க விரும்பும் இளைஞன் ஒரு பெரியவரிடம் சேர்ந்து, அவர் சொல்லிக்கொடுப்பதை மட்டும் கற்று, அவர் சொல்லாமல் விட்டதைத் தானே தட்டுத்தடுமாறித் தெரிந்துகொள்ள வேண்டியதுதான். இந்தக் குறையை உணர்ந்த ஹென்றி ராபின்ஸன் பால்மர் என்ற இளைஞரும் அவருடைய நண்பர்கள் சிலரும் 1818 ஜனவரி 2-ஆம் தேதி ஃப்ளீட் தெருவிலுள்ள கெண்டல் காப்பிக் கடையில் கூடி, ஒருவருக்கொருவர் ஆசிரியராகவும் மாணவராகவும் இருப்பதென்று தீர்மானித்துத் தொடங்கியதுதான் இன்றும் விளங்கும் சிவில் எஞ்சினீயர்கள் ஸ்தாபனம். தொடக்கத்தில் அது நொண்டி நொண்டித்தான் நடந்தது. 1820-இல் தாமஸ் டெல்ஃபோர்டு அக்கிராசனம் ஏற்ற பிறகே அதற்கு உயிர் வந்தது. ஆட்டிடையர் ஒருவருக்கு மகனாகப் பிறந்து, கல்தச்சராக உளிபிடித்து, பின்னாளில் மெனாய் ஜலசந்தியின் மேல் தொங்குபாலம் அமைத்த அந்த மகான், 1834-இல் காலமாகும் வரையில் அந்தப் பதவியில் இருந்தார். 1828-இல் ராஜ சாசனமும் கிடைத்தது.

அந்தச் சங்கத்தில் நிலைபெற்றுப் பிற நாடுகளுக்கும் பரவிய சம்பிரதாயம் மிக எளியது. ஒருவர் தாம் கட்டியதையோ ஆராய்ந்ததையோ கட்டுரையாக எழுதிச் சபையில் வாசிப்பார். வாசித்து முடிந்ததும் அக்கிராசனர் விவாதத்தைத் தொடங்கி வைப்பார். அதே வகை வேலையை வேறு மண்ணிலும் வேறு செலவிலும் செய்து பார்த்தவர்கள் எழுந்து, ‘தாங்கள் சொன்ன முறை எங்களுக்கு இன்ன இடத்தில் பலிக்கவில்லை’ என்பார்கள். வர இயலாத வெளியூர் அங்கத்தினர்கள் கடிதம் எழுதுவார்கள். கடைசியில் கட்டுரையாசிரியர் எல்லோருக்கும் பதில் சொல்வார். கட்டுரை, விவாதம், பதில் ஆகிய மூன்றும் சேர்ந்து அச்சேறும். பழைய தொகுதிகளைப் புரட்டுகிறவர்களுக்குக் கட்டுரையைக் காட்டிலும் அதன் பின்னே வரும் விவாதமே சுவை மிகுந்ததாகத் தோன்றினால் வியப்பில்லை. கட்டுரை வெற்றியைச் சொல்லும்; பிளந்த சுவரும் புதைந்த தூணும் விவாதத்தில்தான் வெளிவரும்.

தோல்வியைக் கூட நண்பர்கள் முன்னிலையில் வைத்துப் பழகிக்கொள்ள இத்தகைய உள்ளூர்ச் சபைகள் இடம் கொடுத்தன என்பதற்கு, வட இங்கிலாந்தின் நியூகாசில் நகரமே சாட்சி. அவ்வூரில் மருந்துச் சரக்கு வியாபாரத்தில் ஈடுபட்டிருந்த ரசாயன நிபுணர் ஜோசஃப் ஸ்வான், காற்றை அகற்றிய கண்ணாடிக் குமிழுக்குள் மெல்லிய கரித்துண்டை மின்சாரத்தால் ஒளிரச் செய்யும் விளக்கை 1878 டிசம்பரில் உள்ளூர் ரசாயன சங்கத்தாரிடம் காட்டினார். மின்சாரம் மிகுதியாகப் பாய்ந்ததால் சில நிமிஷங்களிலேயே விளக்கு கெட்டுப்போயிற்று. அதற்காக அவர் வெட்கப்பட்டு ஒளிந்துகொள்ளவில்லை. 1879 பிப்ரவரி 3-ஆம் தேதி, அதே ஊரிலுள்ள இலக்கிய தத்துவ சங்கத்தில், எழுநூறு பேருக்கு மேல் திரண்டிருந்த சபையில், மறுபடி ஏற்றிக் காட்டினார். அமெரிக்காவில் எடிசன் தம் விளக்கில் வெற்றி கண்டது அதே ஆண்டின் அக்டோபரில்தான். யார் முந்தியவர் என்ற பழைய வழக்குக்குள் நான் புக விரும்பவில்லை. மின்விளக்கு எரிவதை நேரில் கண்ட முதல் சபைகளில் ஒன்று ஓர் ஊரின் சங்கத்தார் கூடிய சபை என்பதே இங்கே வேண்டியது.

இன்னொரு வரலாறு இதைவிடச் சிறப்பானது. அந்நாளில் தெருக்களில் எரிந்த மின்விளக்குகள் பெரும்பாலும் வில்விளக்குகள். இரண்டு கரிக்கோல்களுக்கிடையே மின்சாரம் தாவிப் பாயும்போது உண்டாகும் ஒளி அது. கண்ணைப் பறிக்கும் ஒளிதான். ஆனால் சில வேளைகளில் பாம்பைப்போல் சீறும், நடுங்கும், மங்கும். இதற்குக் காரணம் என்னவென்று நிபுணர்கள் பலர் யோசித்துக்கொண்டிருந்தபோது, ஹெர்த்தா அயர்ட்டன் என்ற பெண்மணி வரிசையாகப் பரிசோதனைகள் செய்து, கரிக்கோலின் நுனியில் ஏற்படும் குழியைக் காற்று எட்டிவிடும்போது அதிலுள்ள பிராணவாயு கரியோடு சேர்வதே சீறலுக்குக் காரணம் என்று நிரூபித்தார். 1899-இல் மின்பொறியாளர் ஸ்தாபனத்தின் சபையில் அவரே எழுந்து தம் கட்டுரையை வாசித்தார். அந்தச் சபையில் அதற்கு முன் எந்தப் பெண்ணும் வாசித்ததில்லை. அந்த ஆண்டிலேயே அவரை அங்கத்தினராகவும் சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் விஞ்ஞான உலகின் சிகரமான ராயல் சொஸைட்டியோ, 1901-இல் அவருடைய கட்டுரையை வேறொரு ஆடவர் வாசிக்கக் கேட்டது. 1902-இல் அவர் பெயர் பிரேரணை செய்யப்பட்டபோது, விவாகமான பெண்ணுக்குச் சட்டப்படி அங்கத்தினராகும் தகுதி இல்லை என்று தள்ளிவிட்டது. விளக்கு சீறுவதால் நாள்தோறும் தொல்லைப்பட்டவர்களுக்குச் சீறலை நிறுத்த வழி சொன்னவர் ஆணா பெண்ணா என்பது இரண்டாவது விஷயமாகப் போயிருக்க வேண்டும். தொழில் சபைகளுக்கு இயல்பாகவே உள்ள நற்குணம் இது என்று நான் கருதுகிறேன்.

உள்ளூர் என்ற அடைமொழிக்கும் காரணம் உண்டு. பாடநூலில் உள்ள கான்கிரீட் எங்கும் ஒன்றுதான், மண் அப்படியல்ல. கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் மண் மழையில் உப்பிக் கோடையில் பிளந்து, மேலே நிற்கும் சுவரையும் தன்னோடு ஆட்டிவைக்கும். தூத்துக்குடியின் உப்புக்காற்று கான்கிரீட்டுக்குள் புதைந்த கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும். கரிசலுக்கென்று அடிப்பாகம் அகன்ற குத்துத்தூண்களை ரூர்க்கியிலுள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிலையத்தார் வகுத்தளித்திருக்கிறார்கள் என்பது உண்மையே. ஆனால் இந்த ஊரில் கோடை வெடிப்பு எத்தனை அடி ஆழம் இறங்கும் என்பதை, இங்கே இருபது வருஷம் குழி தோண்டிய மனிதர் சபையின் பின்வரிசையிலிருந்து எழுந்து சொன்னால்தான் உண்டு.

நம் அண்டை நாடான இலங்கையில் நடந்த ஒன்றை இங்கே விரித்துச் சொல்ல வேண்டும். 1906-இல் அங்கே இலங்கை எஞ்சினீயரிங் சங்கம் ஏற்பட்டது. 1918-இல் அச்சங்கத்தின் சபையில் டி. ஜே. விமலசுரேந்திர என்ற அரசாங்க எஞ்சினீயர், தம் நாட்டில் மின்சக்தியைப் பயன்படுத்துவதன் பொருளாதாரம் பற்றி ஒரு கட்டுரை வாசித்தார். மஸ்கெலியா ஓயாவும் கெஹெல்கமு ஓயாவும் மலையிலிருந்து வீழ்ந்து வீணே போகின்றன. கப்பலில் வரும் நிலக்கரியை நம்பியிராமல் அந்த வீழ்ச்சியைக் கொண்டு மின்சாரம் எடுக்கலாம் என்பது அவர் கட்சி. தேயிலைத் தோட்டங்களில் தமிழர் உழைத்து வாழும் மலைநாட்டுப் பிரதேசம் அது. ஆங்கில அதிகாரிகள் ஆட்சி செய்த காலம். திட்டம் உடனே ஏற்கப்படவில்லை. பின்பு தொடங்கிய வேலையும் இடையில் நின்றது. அவர் உத்தியோகத்தை விட்டு, 1931-இல் இரத்தினபுரித் தொகுதியின் பிரதிநிதியாக அரசாங்க சபைக்கே சென்று அங்கும் இதற்காகவே வாதாடினார். 1950-இல் லக்சபான நீர்மின் நிலையம் 25 மெகாவாட் திறனோடு இயங்கத் தொடங்கியபோது கட்டுரை வாசித்து முப்பத்திரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. 1953-இல் அவர் மறைந்தார். நோர்ட்டன் பிரிட்ஜில் ஒரு நீர்மின் நிலையம் இன்று அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது. மேலதிகாரிக்கு எழுதும் குறிப்பை அதே அதிகாரி மேஜை அறைக்குள் அடக்கிவிடலாம். சக தொழிலாளர் சபையில் வாசித்துச் சங்க வெளியீட்டில் அச்சான கட்டுரையை அப்படி அடக்க முடியவில்லை.

இந்தியாவிலும் இத்தகைய அகில தேச ஸ்தாபனம் ஒன்று உண்டு. ‘இன்ஸ்டிடியூஷன் ஆஃப் எஞ்சினீயர்ஸ்’ என்ற அது 1920 செப்டம்பர் 13-ஆம் தேதி சென்னையில் பதிவாகி, மறு ஆண்டு கல்கத்தாவில் தொடக்க விழா கண்டு, 1935-இல் ராஜ சாசனம் பெற்றது. டிப்ளமோவோடு வேலைக்குச் சேர்ந்து, இரவில் கண்விழித்துப் படித்து ஏ.எம்.ஐ.இ. தேறிய நம் குடும்பத்துப் பெரியவர்கள் பலர் இதன் பெயரை அறிவார்கள். சேப்பாக்கத்தில் இதன் தமிழ்நாட்டு மையம் இருக்கிறது. வேறு நகரங்களிலும் கிளைகள் உண்டு. கான்கிரீட்டுக்கும் மண்ணியலுக்கும் மின்சாரத்துக்கும் தனித்தனிச் சங்கங்களும் இருக்கின்றன.

கூட்டங்களுக்குக் குறைவில்லை, ஆனால் அவற்றின் நடையைப் பற்றி எனக்கு ஒரு மனக்குறை உண்டு. குத்துவிளக்கு ஏற்றி, வரவேற்புரை ஆற்றி, பேச்சாளரின் பட்டங்களையும் பதவிகளையும் கால்மணி நேரம் வாசித்து, பொன்னாடை போர்த்தி, நினைவுப் பரிசு வழங்கி, படம் எடுத்து, பேச்சும் முடிந்து, கேள்வி கேட்க ஓர் இளைஞன் கையைத் தூக்கும் தறுவாயில், ‘நேரமின்மை காரணமாக’ என்ற மந்திரத்தை உச்சரித்து நன்றியுரைக்குப் போய்விடுகிறார்கள். பேச வந்தவர் ஒரு சரக்கை விற்கும் கம்பெனியின் பிரதிநிதியாக இருந்துவிட்டால் இது அவருக்கு வெகு சௌகரியம். வந்தோருக்கோ இத்தனை மணி நேரம் பயிற்சி பெற்றதாகச் சான்றிதழ் கிடைத்துவிடுகிறது. சபையில் ஒருவரை மறுத்துப் பேசுவது மரியாதைக் குறைவு என்று இதற்குச் சமாதானம் சொல்வார்கள். அது நம் மரபு என்று நான் நம்பவில்லை. மணிமேகலை காட்டும் புகாரில், திருவிழாக் காலத்தில் வாதம் புரிவதற்கென்றே பட்டிமண்டபம் இருந்தது. சிவஞான சித்தியார் எதிரிகளின் கட்சியை எடுத்துரைத்து மறுப்பதற்காகவே பரபக்கம் என்று ஒரு பாதியை ஒதுக்கியிருக்கிறது.

மாறுதல் செய்வது கடினமும் அல்ல. கட்டுரையை ஒரு வாரம் முன்னதாக அங்கத்தினர்களுக்கு அனுப்பிவிட்டால் பேச்சை அரைமணியில் முடிக்கலாம். மிகுந்த நேரம் முழுவதையும் கேள்விக்கு விடலாம். கேட்டவர் பெயரோடும் பதிலோடும் அச்சிட்டு வைக்கலாம். முதல் கேள்வியை மாணவர்களுக்கும் இரண்டாவதைக் களத்தில் மேஸ்திரிகளோடு நிற்கும் இளநிலை எஞ்சினீயர்களுக்கும் ஒதுக்கினால், தலைமைப் பொறியாளர் வாய் திறக்குமுன் உண்மை கொஞ்சம் வெளிவந்துவிடும். தொழிலில் இல்லாத வாசகர்களும் இக்கூட்டங்களுக்குப் போகலாம். பெரும்பாலும் யாரும் தடுப்பதில்லை, கட்டணமும் இருப்பதில்லை. கணக்குகள் புரியாவிட்டாலும், உங்கள் தெருவில் மழைநீர் ஏன் வடியவில்லை என்று நீங்கள் கேட்கும் கேள்வி அங்கே உள்ள எல்லோருக்கும் புரியும்.